பெட்டியில் 525 மடங்கு என்று போட்டிருந்தால் வாங்காதீர்கள்

மகன் ஓ.எல். பரீட்சை முடிந்த கையோடு டெலஸ்கோப் கேட்டான். புறக்கோட்டையில் ஒரு கடையில் 28,000 ரூபா கொடுத்து வாங்கினேன். பெட்டியில் சனிக் கிரகம் வளையத்தோடு தட்டு அளவில் நிற்க, கீழே தடித்த எழுத்தில் ‘525 மடங்கு’. “வீட்டு மாடியிலேயே இப்பிடித் தெரியும் அண்ணை” என்றார் கடைக்காரர். நானும் விலையைக் குறைக்கக் கேட்டேனே தவிர வேறு ஒன்றும் கேட்கவில்லை.

அந்த 525 எப்படி வந்தது என்று அப்புறம் மகன்தான் கணக்குப் போட்டுக் காட்டினான். குழாயின் குவியத்தூரம், அதாவது முன் லென்ஸ் ஒளியைக் குவிக்கும் தூரம், 700 மில்லிமீற்றர், கண்ணை வைத்துப் பார்க்கும் சின்ன லென்ஸ் 4 மில்லிமீற்றர், வகுத்தால் 175, அதோடு பார்லோ என்று ஒரு பிளாஸ்டிக் துண்டைச் செருகினால் மூன்று மடங்கு, ஆக 525. கணக்குச் சரி. ஆனால் முன்னால் இருக்கும் பெரிய லென்ஸின் விட்டம் வெறும் 60 மில்லிமீற்றர், அது எத்தனை மில்லிமீற்றரோ அதன் இரண்டு மடங்கு வரைக்கும்தான், அதாவது 120 வரைக்கும்தான், உருப்படியாகத் தாங்கும். அதற்கு மேல் போனால் மங்கல்தான் பெரிதாகும். வெள்ளவத்தை மொட்டை மாடியில் கடற்காற்று வேறு. மூன்று கால் ஸ்டாண்ட் தகரம் மாதிரி ஆடுகிறது, ஆட்டம் நிற்கும் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பதற்குள் பூமி சுற்றிச் சனி நழுவிப் போய்விடும்.

காசு போனது ஒரு பக்கம். நான் இதை எழுதுவதே உள்ளே கிடந்த கறுப்புக் கண்ணாடித் துண்டுக்காகத்தான். சூரியனைப் பார்க்கிறதுக்காம், கண் வைக்கும் லென்ஸில் திருகச் சொல்கிறார்கள். முன் லென்ஸ் வெயிலையெல்லாம் குவித்து நேரே அந்தத் துண்டில் கொண்டுவந்து விடும், சூட்டில் அது வெடித்தால் பின்னால் இருப்பது பிள்ளையின் கண். சூரியனுக்கான வடிகட்டி குழாயின் முன்வாயை மூட வேண்டும். அந்தத் துண்டைச் சுத்தியலால் உடைத்துத்தான் குப்பையில் போட்டேன், யாரும் பொறுக்கிக்கொள்ளக் கூடாதே.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் பார்லோவைத் தூர வைத்துவிட்டு கண் வைக்கும் 20 மில்லிமீற்றர் லென்ஸை மட்டும் போடுங்கள். 35 மடங்குதான், ஆனால் நிலவின் குழிகள், கலிலியோ 1610இல் கண்ட வியாழனின் நான்கு நிலவுகள், சனியின் வளையம்கூட அரிசி அளவில், எல்லாம் தெரியும், கொழும்பு வெளிச்சத்திலேயே. இன்னும் வாங்காதவர்கள் முதலில் ஒரு 10×50 பைனாகுலர் (பத்து மடங்கு, முன் லென்ஸ் 50 மில்லிமீற்றர்) பாருங்கள்.

கடைக்குத் திருப்பிக் கொண்டுபோனேன். சீல் உடைத்தால் எடுக்க மாட்டார்களாம். உடைக்காமல் எப்படிப் பார்ப்பது என்று கேட்டதற்கு, அது கம்பனி ரூல்ஸ் என்றார் அதே ஆள், இந்த முறை அண்ணை இல்லை. நுகர்வோர் அதிகாரசபையின் முறைப்பாட்டு நம்பர் 1977க்கு ஃபோன் அடிப்போம் என்று வீட்டுக்கு வந்து பில்லைத் தேடி எடுத்தால், அதில் எழுதியிருப்பது ‘விளையாட்டுச் சாமான் - 1’.