304 என்று சொல்லி 202 பைப்: வீட்டுக்கு ஸ்டீல் கைப்பிடி போடுபவர்கள் கவனத்துக்கு

தூத்துக்குடியில் கடலுக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. மாடிப்படிக்கும் பால்கனிக்கும் ஸ்டீல் கைப்பிடி போட ஒரு பட்டறைக்காரரிடம் வேலை கொடுத்தோம். "எல்லாம் 304 சார், சந்தேகம்னா நீங்களே பாருங்க" என்று காந்தத்தை எடுத்துப் பைப்பில் வைத்தார். ஒட்டவில்லை. 304 என்பது ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் (எஸ்.எஸ்.) ஒரு கிரேடு, அதாவது தரம்; 202 அதைவிட விலை குறைந்த கிரேடு. 304-க்கான விலையை முழுசாக வாங்கிக்கொண்டார்.

ஒரு மழைக்காலம் தாங்கவில்லை. பால்கனியில் வெல்டிங் வைத்த இடத்தைச் சுற்றி டீக்கறை மாதிரி பழுப்பு. துடைத்தால் போகும், மறுபடி வரும். பைப் தரையைத் தொடும் இடத்தில் இருக்கும் மூடியைத் தூக்கினால், உள்ளே துரு நகத்தோடு உதிர்ந்து வருகிறது.

கேட்டதற்கு "உப்புக்காத்து சார், 304-ம் கறை பிடிக்கும்" என்றார். அது பொய்யில்லை. கடலோரத்தில் வெளியே போடுவதற்கு 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் என்ற உலோகம் சேர்ந்த 316 கிரேடுதான் சரி. அதை வேலைக்கு முன்னால் அவர் ஏன் சொல்லவில்லை என்பது வேறு விஷயம்.

மிச்சம் கிடந்த துண்டைப் பழைய இரும்புக் கடைக்கு எடுத்துப்போனேன். 304-க்கும் 202-க்கும் விலையில் பெரிய வித்தியாசம் என்பதால் அவர்களை ஏமாற்ற முடியாது. கடைக்காரர் அதன்மேல் ஒரு சொட்டு சோதனைத் திரவம் விட்டு, சின்ன பேட்டரியின் இரண்டு முனையையும் வைத்தார். சொட்டு சிவந்தது. "மாங்கனீஸ் சார், 202" என்றார். லேபில் கொடுத்ததிலும் அதேதான்: நிக்கல் 4 சதவீதத்துக்குச் சற்று மேல், மாங்கனீஸ் 8-ஐத் தாண்டியது. 304-இல் நிக்கல் குறைந்தது 8 இருக்க வேண்டும், மாங்கனீஸ் 2-க்கு மேல் போகக்கூடாது.

காந்த வித்தை இங்கே எடுபடாது. நிக்கலைக் குறைத்து மாங்கனீஸும் நைட்ரஜனும் சேர்த்த 202-இலும் காந்தம் ஒட்டாது. நல்ல 304-ஐ வளைத்தால் அந்த இடத்தில் லேசாக ஒட்டவும் செய்யும். 202 மட்டமான சரக்கு என்று சொல்லவில்லை. கழுவித் துடைத்து வைக்கும் தட்டு, டம்ளருக்கு அது போதும். அதைக் கடல்காற்றில் நிறுத்தி 304 விலை வாங்குவதுதான் திருட்டு.

பில்லில் "எஸ்.எஸ். கைப்பிடி வேலை" என்று மட்டும்தான் இருக்கிறது. கிரேடை எழுதித்தரச் சொல்லுங்கள். பைப் வந்து இறங்கியதுமே, வெல்டிங்குக்கு முன்னால், ஒவ்வொரு பைப்பிலும் அந்தச் சொட்டை விட்டுப் பாருங்கள். ஒன்றிரண்டில் பார்த்தால் போதாது: எங்கள் வீட்டுக்குள் படியில் போட்டது அசல் 304, வெயிலும் மழையும் படும் பால்கனியில்தான் 202.