ஹாட் மெல்ட்டா, எபாக்ஸியா? பிராட்ஹெட்டை அடாப்டரில் ஒட்டுவது பற்றி

கார்பன் அம்பில் பழைய பாணி ஒட்டு முனைகளைப் போட நினைக்கிற எல்லோருக்கும், சூட்டில் இளகும் ஹாட் மெல்ட் பசையா, இரண்டு பாகத்தைக் கலந்து ஒட்டும் எபாக்ஸியா என்ற கேள்வி வரும். ஸ்விக்கி எஸ்கிமோ மாதிரியான பிராட்ஹெட்டுகள், அதாவது கூரான அலகுகள் உள்ள வேட்டை முனைகள், மர அம்புக்காகவே பிறந்தவை. அடியில் 5 டிகிரி கூம்பாக ஒரு குழல் இருக்கும், மரத்தண்டின் நுனியை அதே கோணத்துக்குச் சீவி உள்ளே ஒட்டிவிடுவார்கள். கார்பனை அப்படிச் சீவ வழியில்லை, அதனால் ஒரு பக்கம் 5 டிகிரி கூம்பும் மறுபக்கம் 8-32 அளவுத் திருகு மரையும் உள்ள அடாப்டர் நடுவில் வருகிறது. மரைப் பக்கம் திருகிக்கொள்ளும், அதில் பிரச்சினை இல்லை. கூம்புப் பக்கம் பசையை நம்பித்தான் நிற்கிறது.

நான் முதலில் எபாக்ஸி ஆள். வலுவானதைப் போட்டால் முடிந்தது என்று நினைத்து, இரண்டு குழாயில் வரும் ஜேபி வெல்டை சரிபாதியாகக் கலந்து மூன்று முனைகளை ஒட்டி நிமிர்த்தி வைத்துவிட்டுத் தூங்கப் போனேன். அது முழுசாக இறுக 15 முதல் 24 மணி நேரம் ஆகும். மறுநாள் மாலை ஒவ்வொன்றையும் அம்பில் திருகி, நுனியைக் கண்ணாடி மேல் வைத்துப் பம்பரம் போலச் சுற்றிவிட்டுப் பார்த்தேன். இரண்டு அசையாமல் சுழன்றன. மூன்றாவது, முனையும் தண்டும் சேரும் இடத்தில் லேசாகத் துடித்தது, விரலில் வைத்தால் அந்த அதிர்வு தெரிகிறது. ராத்திரி பசை இளகி இருந்த நேரத்தில் முனை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. அந்த அளவு கோணலே போதும், முன்னால் இருக்கும் அலகுகள் சிறகு போலக் காற்றைப் பிடித்து, பின்னால் இருக்கும் இறகுகளோடு மல்லுக்கு நிற்கும், அம்பு எங்கேயோ போகும்.

சரி, கழற்றி மறுபடி ஒட்டலாம் என்றால் அங்கேதான் சிக்கல். ஜேபி வெல்ட் 550 பாரன்ஹீட் வரை தாங்கும் என்று அதைச் செய்கிறவர்களே சொல்கிறார்கள், அதாவது கிட்டத்தட்ட 288 செல்சியஸ். கார்பன் எஃகு சூடேறும்போது 220 வாக்கில் வைக்கோல் நிறம், 300 வாக்கில் நீலம் என்று மேல்பரப்பில் நிறம் ஓடும். நீலம் வந்துவிட்டால் அலகின் பதம் இறங்கிவிட்டது என்று அர்த்தம், எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. பசையை இளக்கப் போய் கத்தியைக் கெடுத்த கதையாகிவிடும். அந்த மூன்றாவது முனையை நான் இன்னும் பயிற்சிக்குக்கூடப் பயன்படுத்துவதில்லை.

ஹாட் மெல்ட் இதற்கு நேர் எதிர். பொற்கொல்லர் நகையை அரக்கில் பதித்து வேலை செய்வார், முடிந்ததும் லேசாகச் சூடு காட்டி எடுத்துவிடுவார் இல்லையா, அதே தத்துவம். போனிங் கம்பெனியின் ஃபெர்-எல்-டைட் குச்சிதான் வில்லாளிகள் நிறையப் பேர் கையில் இருப்பது. கோணலாக ஒட்டினால் சூடு காட்டித் திருத்தலாம், எலும்பில் பட்டு வளைந்த முனையைக் கழற்றிவிட்டு அதே அடாப்டரில் புதிதைப் போடலாம், அலகு எந்தத் திசையில் நிற்க வேண்டும் என்பதையும் திருப்பி வைத்துக்கொள்ளலாம். கைவினைக் கடையில் பசைத் துப்பாக்கிக்கு விற்கிற குச்சியும் பார்க்க இதே மாதிரிதான் இருக்கும், அதை இதற்கு எடுக்காதீர்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் அது ரப்பர் மாதிரி நெகிழும்.

குறை இல்லாமல் இல்லை. கடுங்குளிரில் ஹாட் மெல்ட் நொறுங்கும் தன்மைக்கு வரும். அமெரிக்காவின் மிச்சிகனில் மான் வில் வேட்டை அக்டோபர் 1 முதல் நவம்பர் 14 வரை, அப்புறம் துப்பாக்கிப் பருவத்துக்கு இடம் விட்டு டிசம்பர் 1 முதல் ஜனவரி 1 வரை. அக்டோபரில் கவலையே வேண்டாம். டிசம்பர் பருவத்துக்கு, உறைபனியில் மணிக்கணக்காக மரத்தில் உட்காருகிறவர் எபாக்ஸி பக்கம் போவதை நான் குறை சொல்ல மாட்டேன், ஆனால் மெதுவாக இறுகும் ரகத்தை எடுங்கள், ஐந்து நிமிட ரகம் அவ்வளவு வலு இல்லை, முதல் ஒரு மணி நேரம் அடிக்கடி சுற்றிப் பார்த்துச் சாய்வைச் சரி செய்துகொண்டே இருங்கள்.

சூப்பர் க்ளூ? வேண்டாம். இழுத்தால் தாங்கும், மோதினால் விடும். அம்பு முனைக்கு மோதுவதுதான் வேலையே.

இன்னொரு விஷயம், இதைப் பசையைவிட முக்கியமாக நினைக்கிறேன். ஒருமுறை ஃபோம் இலக்கிலிருந்து அம்பை இழுத்தேன், அடாப்டர் மட்டும் கையோடு வந்தது. முனை உள்ளே. கத்தியால் ஃபோமை வெட்டி எடுத்துப் பார்த்தால் பசை முழுவதும் குழலுக்குள் அப்படியே இருக்கிறது, அடாப்டர் கூம்பு மட்டும் கடையில் வாங்கிய நாள் போல மினுமினுவென்று. தொழிற்சாலையில் கடைசல் பிடித்தபோது ஒட்டிய எண்ணெயை நான் துடைக்கவே இல்லை. அதே முனை மானுக்குள் கழன்றிருந்தால், உள்ளே கைவிட்டுச் சுத்தம் செய்பவரின் விரல் போயிருக்கும். அன்றிலிருந்து எந்தப் பசையாக இருந்தாலும் முதலில் 80 நம்பர் உப்புத்தாளால் கூம்பின் பளபளப்பு போகும்வரை தேய்க்கிறேன், ஒரு மெல்லிய அரத்தால் நீளவாக்கில் ஒரு கோடு போடுகிறேன், காற்றும் மிச்சப் பசையும் வெளியேற அது வழி. குழலுக்குள் உப்புத்தாளைச் சுருட்டி விட்டுச் சுற்றியபின் அசிட்டோனில் நனைத்த பஞ்சுக்குச்சி, அது கறுப்பாக வருவது நிற்கும்வரை. தீ மூட்டுவதற்கு முன் அசிட்டோன் டப்பாவை மூடி, தள்ளி வைத்துவிடுங்கள்.

அடாப்டரிலும் தேர்வு உண்டு. அலுமினியம் 42 கிரெய்ன் எடையில் கிடைக்கும், எலும்பில் பட்டால் வளையும். எஃகு 75, 100, 125 என்று வரும், முன் பாரம் கூடும், நேராக நிற்கும். 125 கிரெய்ன் என்றாலே 8 கிராம்தான், என் வில்லுக்கு அந்தப் பாரம் நல்லதே, அதனால் நான் எஃகை விட்டு இறங்குவதில்லை.

ஒட்டும்போது அடாப்டரை அம்பில் வைத்தபடி சூடாக்கக் கூடாது, கார்பனும் அடாப்டர் திருகி நிற்கும் இன்செர்ட் என்ற உள் மரைத் துண்டின் பசையும் கெடும். 8-32 மரை உள்ள நீளமான நட்டு ஒன்றில் திருகி இடுக்கியால் பிடித்துக்கொள்ளுங்கள். தீயை அடாப்டருக்குக் காட்டி, குச்சியை அதில் தொட்டுப் பாருங்கள், தானாக இளகி வழிந்தால் சூடு போதும், கொதித்துப் புகைந்தால் அதிகம். கூம்பு முழுக்கப் பூசி, குழலின் அடிப்பகுதியை ஒரு நொடி வாட்டி, அலகில் தீ படாமல், திருகிக்கொண்டே உள்ளே தள்ளி, நுனியை ஒரு மரக்கட்டையில் வைத்து அழுத்துங்கள். விட்டால் சில சமயம் சிக்கிய காற்று முனையை மெல்ல வெளியே தள்ளும், அதைக் கண்ணால் பார்க்கலாம், இறுகும்வரை கையை எடுக்காதீர்கள். அப்புறம் தண்ணீரில் முக்கி, வழிந்த பசையை நகத்தால் உரித்துவிட்டு, அம்பில் திருகி கண்ணாடி மேல் சுற்றுங்கள். துடித்தால் மறுபடி கழற்றி, நட்டில் மாட்டி, சூடு காட்டி அரைச் சுற்று திருப்புங்கள். நான் சில முனைகளுக்கு இதை நான்கு தடவைகூடச் செய்திருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் இரண்டு நிமிடம்தான்.