கோல்ஃப் பழக எந்தெந்த கிளப் வாங்கலாம்? பல வருடம் அடித்துப் பார்த்த அனுபவம்

கோல்ஃப் பழக ஆரம்பிக்கும்போது பை நிறைய கிளப் (பந்தை அடிக்கும் மட்டை) தேவையே இல்லை, ஐந்து போதும். முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் புதிதாக வருகிற எல்லோரும் கேட்பது "எந்த கம்பெனி செட் நல்லது" என்றுதான், ஆனால் கம்பெனி பெயர் கடைசியாகப் பார்க்க வேண்டிய விஷயம். ஒருவர் பையில் அதிகபட்சம் 14 கிளப் வைத்துக்கொள்ளலாம் என்று விதி இருக்கிறது. அமெரிக்காவில் 1938-லும் பிரிட்டனில் 1939-லும் வந்த விதி அது. அதற்கு முன் இருபதுக்கு மேல் தூக்கிக்கொண்டு போனவர்கள் எல்லாம் உண்டு. அந்த 14 என்பது உச்சவரம்பு, அத்தனையும் வாங்கியே ஆக வேண்டும் என்று எங்கும் இல்லை. ஆனால் கடைக்குப் போனால் அப்படித்தான் பேசுவார்கள்.

நான் செகண்ட் ஹேண்டில் ஒரு பழைய கேவிட்டி பேக் (பின்பக்கம் குடைந்த) அயர்ன் செட் வாங்கினேன், 5-லிருந்து பிட்சிங் வெட்ஜ் வரை. அயர்ன் என்பது மெல்லிய உலோகத் தலை உள்ள கிளப், எண் கூடக் கூடப் பந்து உயரமாக எழும்பும், தூரம் குறையும்; பிட்சிங் வெட்ஜ் அந்த வரிசையில் கடைசி. அதில் 7 அயர்னும் 9 அயர்னும் மட்டும் பையில் இருக்கும், மற்றதெல்லாம் வீட்டு அலமாரியில். கூடவே தூரமாக அடிக்க 22 டிகிரி ஹைப்ரிட் ஒன்று, மணலிலிருந்து வெளியே எடுக்க 56 டிகிரி சாண்ட் வெட்ஜ் ஒன்று, குழிக்குள் பந்தை உருட்ட ஒரு பட்டர். இந்த டிகிரி என்பது கிளப் முகத்தின் சாய்வு, அதை லாஃப்ட் என்பார்கள். முதல் ஒரு வருடத்துக்கும் மேல் சென்னையில் நந்தனம் காஸ்மோ மைதானத்தில் இந்த ஐந்தை வைத்துத்தான் ஆடினேன், எதுவும் குறைந்துபோகவில்லை. சொல்லப்போனால் கையில் கிளப் குறைவாக இருந்ததால்தான் ஒரே 7 அயர்னை முழுதாக வீசினால் எவ்வளவு தூரம், பாதி வீசினால் எவ்வளவு, காற்று எதிரே வந்தால் எப்படித் தாழ்வாக அடிப்பது என்பதெல்லாம் கைக்கு வந்தது.

அந்த 7 அயர்ன் இன்றைக்கும் என்னிடம் இருக்கிறது. அதன் முகத்தைப் பார்த்தால், நடுவில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு குரோம் மங்கித் தேய்ந்திருக்கும், நுனிப் பக்கமும் தண்டு சேரும் அடிப்பக்கமும் அங்கங்கே மெல்லிய கீறல்கள் சிதறிக் கிடக்கும். சிதறிய கீறல்கள் ஆரம்ப காலத்தில் விழுந்தவை. பழகும்போது பந்து முகத்தின் நடுவில் படவே படாது, அது எல்லோருக்கும் அப்படித்தான். அதனால்தான் கேவிட்டி பேக் வேண்டும் என்கிறேன். பின்பக்கம் குடைந்து, அந்த எடையைச் சுற்று ஓரங்களுக்குத் தள்ளியிருப்பார்கள். பந்து நடுவை விட்டு விலகிப் பட்டாலும் தலை அதிகம் திருகாது, தூரமும் ரொம்ப அடிபடாது. ஜெனரல் எலக்ட்ரிக்கில் இன்ஜினியராக இருந்த கார்ஸ்டன் சோல்ஹைம் 1959-ல் தன் வீட்டு கராஜில் இப்படி எடையை இரண்டு ஓரங்களுக்கும் பிரித்து ஒரு பட்டர் செய்தார். பந்து பட்டதும் 'பிங்' என்று சத்தம் வந்தது, அதுவே கம்பெனி பெயராகிவிட்டது. பிறகு அதே யோசனை அயர்ன்களுக்கும் வந்தது. பின்பக்கம் குடையாத பிளேடு வகை அயர்ன்கள் பார்க்க மெல்லிசாக, கத்தி மாதிரி அழகாக இருக்கும், எனக்கும் அவற்றைப் பார்க்கப் பிடிக்கும், ஆனால் பழகுகிறவர் கையில் அவை வேண்டாம்.

அடுத்தது ஷாஃப்ட், அதாவது கிளப்பின் தண்டு. அது எவ்வளவு வளையும் என்பதை ஃப்ளெக்ஸ் என்பார்கள். தலையைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு யாரும் ஷாஃப்ட்டைப் பற்றிப் பேசுவதில்லை, பந்து சரியாகப் போகாததற்குப் பாதி நேரம் அதுதான் காரணம். டிரைவர் (மிக நீளமான, அதிக தூரம் அடிக்கும் கிளப்) வீச்சு வேகம் மணிக்கு 85 முதல் 95 மைல் வரை இருந்தால் ரெகுலர், அதற்கு மேலே ஸ்டிஃப், கீழே இருந்தால் சீனியர் ஃப்ளெக்ஸ், இது பொதுவாக வைத்துக்கொள்ளும் கணக்கு. புதிதாக வருகிற பெரும்பாலான ஆண்களுக்கு ரெகுலரே போதும், ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு சீனியர் இன்னும் சுகம். என் நண்பர் ஒருவருக்கு ஒரு கடையில் "நீங்க ஜிம்முக்குப் போறவர் சார், உங்களுக்கு ஸ்டிஃப்தான்" என்று சொல்லி, கனமான ஸ்டீல் ஸ்டிஃப் ஷாஃப்ட் போட்ட புது செட்டைத் தலையில் கட்டிவிட்டார்கள். பந்து எழும்பவே இல்லை, தாழ்வாகக் கிளம்பி வலது பக்கம் ஒதுங்கிப் போய்க்கொண்டே இருந்தது. மனுஷன் மாதக்கணக்கில் தன் வீச்சைத் திருத்திக்கொண்டிருந்தார். ஒருநாள் என் ரெகுலர் அயர்னைக் கொடுத்து அடிக்கச் சொன்னேன், பத்து பந்துக்குள் ஏழெட்டு உயரமாக எழும்பிப் போனது. உடம்பு பலம் வேறு, வீச்சு வேகம் வேறு. கிராஃபைட்டா ஸ்டீலா என்று கேட்டால், முழங்கை வலி இருக்கிறவர்கள் யோசிக்காமல் கிராஃபைட்டுக்குப் போகலாம், எடையும் குறைவு, அதிர்வும் குறைவு. மற்றவர்களுக்கு அயர்னில் லேசான ஸ்டீல் நன்றாகவே இருக்கும், செகண்ட் ஹேண்டில் விலையும் குறைவு.

நீளம் பற்றி ஒரு தவறான எண்ணம் நம் பக்கம் நிறைய இருக்கிறது. "நமக்கு உயரம் கம்மி, வெள்ளைக்காரன் உயரத்துக்குச் செய்தது, அரை இஞ்ச் வெட்டிடலாம்" என்பார்கள். உயரத்தை மட்டும் பார்த்தால் போதாது; ஷூ போட்டு நேராக நின்று, கையைத் தொங்கவிட்டு, மணிக்கட்டிலிருந்து தரை வரை அளக்க வேண்டும். அது சுமார் 34 முதல் 37 அங்குலத்துக்குள் வந்தால் வழக்கமான நீளமே பொருந்தும். எனக்கு உயரம் 5 அடி 5 அங்குலம்தான், ஆனாலும் அந்த அளவுக்குள் வந்துவிட்டது, எதையும் வெட்டவில்லை. வெட்டினால் தலையின் கனம் கையில் தெரியாமல் போகும், ஷாஃப்ட்டும் கொஞ்சம் விறைக்கும்.

நீளத்தைவிட முக்கியமானது லை, அதாவது கிளப் தரையில் அமரும் சாய்வு. இதைப் பார்க்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. பந்தின் பின்பக்கம் மார்க்கர் பேனாவால் தடிமனாக ஒரு செங்குத்துக் கோடு போடுங்கள், அந்தக் கோடு கிளப் முகத்தைப் பார்த்தபடி பந்தை வைத்து அடியுங்கள். மை முகத்தில் பதிந்திருக்கும். அது நேர் செங்குத்தாக, முகத்துக் கோடுகளுக்குக் குறுக்கே நின்றால் லை சரி. சாய்ந்திருந்தால் கிளப் அளவுக்கு மீறி நிமிர்ந்தோ படுத்தோ இருக்கிறது. நிமிர்ந்திருந்தால் வலது கை ஆட்டக்காரருக்குப் பந்து இடது பக்கம் போகும், படுத்திருந்தால் வலது பக்கம். மை காய்வதற்குள் அடிக்க வேண்டும், அவ்வளவுதான் சிரமம். ஒரே ஒரு அடியை வைத்து முடிவு செய்யாமல் நாலைந்து முறை பாருங்கள். எனக்கு இரண்டு டிகிரி நிமிர்ந்திருந்தது, பட்டறை வைத்திருக்கிறவரிடம் கொடுத்ததும் கவ்வியில் பிடித்து வளைத்துக் கொடுத்துவிட்டார். ஆனால் எல்லா அயர்னையும் வளைக்க முடியாது, வார்ப்பில் செய்த சிலவகை உடைந்துவிடும், கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

விளம்பரங்களில் "இந்த 7 அயர்ன் பழையதைவிட 15 கெஜம் அதிகம் போகும்" என்று வரும். பழைய 7 அயர்னின் லாஃப்ட் 34, 35 டிகிரி இருக்கும். இப்போது வருகிற பல செட்டுகளில் 7 அயர்ன் 28, 30 டிகிரிதான், அதாவது அந்தக் காலத்து 6 அயர்ன் அல்லது 5 அயர்னில் 7 என்று எழுதியிருக்கிறது. அதில் தப்பு ஒன்றும் இல்லை, தலையின் எடையைக் கீழே இறக்கியிருப்பதால் பந்து எழும்பத்தான் செய்யும். ஆனால் வாங்கும்போது பிட்சிங் வெட்ஜின் லாஃப்ட் எவ்வளவு என்று கட்டாயம் கேளுங்கள். அது 44 டிகிரியாக இருந்து உங்கள் சாண்ட் வெட்ஜ் 56 என்றால் நடுவில் 12 டிகிரி பள்ளம், 80, 90 கெஜத்துக்கு அடிக்கக் கையில் சரியான கிளப்பே இருக்காது. அப்படிப்பட்ட செட்டுக்கு 50 டிகிரி வெட்ஜ் ஒன்று சேர்க்க வேண்டியிருக்கும், அந்தச் செலவையும் முதலிலேயே கணக்கில் வையுங்கள்.

வெட்ஜ் விஷயத்தில் நம் ஊர் மண்ணைப் பார்க்க வேண்டும், இதை வெளிநாட்டு வீடியோக்களில் யாரும் சொல்லித் தர மாட்டார்கள். சாண்ட் வெட்ஜின் அடிப்பாகம் முன்விளிம்பைவிடத் தாழ்ந்து புடைத்திருக்கும், அதை பவுன்ஸ் என்பார்கள். மணலில் கிளப் புதைந்துவிடாமல் வழுக்கி வெளியே வர அதுதான் உதவுகிறது. ஜீன் சாரஸன் அடிப்பாகத்தில் ஈயப்பற்று வைத்து இதைச் செய்துபார்த்து 1932-ல் பிரிட்டிஷ் ஓபனை ஜெயித்தார். நல்ல யோசனைதான், ஆனால் மே மாதம் சென்னையில் தரை காய்ந்து இறுகிக் கிடக்கும்போது 14 டிகிரி பவுன்ஸ் உள்ள வெட்ஜை இறக்கினால் அது தரையில் பட்டுத் துள்ளி, முன்விளிம்பு நேராகப் பந்தின் வயிற்றில் இடிக்கும், பந்து கிரீனை, அதாவது குழி இருக்கும் ஒட்ட வெட்டிய புல்தரையை, தாண்டி எங்கோ ஓடும். வடகிழக்குப் பருவமழை பெய்து நவம்பரில் தரை ஊறியிருக்கும்போது அதே வெட்ஜ் அருமையாக வேலை செய்யும். ஒன்றுதான் வாங்கப்போகிறீர்கள் என்றால் 10 டிகிரி பவுன்ஸ் பாருங்கள், இரண்டு பருவத்துக்கும் சமாளிக்கும். நான் பல வருடமாக அதைத்தான் வைத்திருக்கிறேன். கோடைக்காலத்தில் கிரீன் பக்கத்தில் வெட்ஜையே தொடாமல் 9 அயர்னால் உருட்டிவிடுவதும் உண்டு.

பட்டருக்கு வருகிறேன். பார் 72 மைதானத்தில், அதாவது 18 குழியையும் 72 அடியில் முடிக்க வேண்டும் என்ற கணக்குள்ள மைதானத்தில், ஒவ்வொரு கிரீனிலும் இரண்டு பட் (பட்டரால் அடிக்கும் அடி) என்றுதான் கணக்கு, அதாவது 36, சரி பாதி. பழகுகிறவர் அதைவிடக் கூடவே போடுவார். அப்படியிருக்க, செட்டோடு இலவசமாக வந்த பட்டரை வைத்துக்கொண்டு காசையெல்லாம் டிரைவரில் கொட்டுவது எனக்குப் புரிவதே இல்லை. நீளம் 33-லிருந்து 35 அங்குலத்துக்குள், நின்று குனிந்தால் கண் பந்துக்கு நேர் மேலே இருக்கிற மாதிரி எடுங்கள். ஷாஃப்ட்டை விரல் மேல் கிடையாக வைத்து நிறுத்திப் பாருங்கள். முகம் வானத்தைப் பார்த்தால் நேராகப் பின்னே இழுத்து நேராக அடிக்கிறவர்களுக்குப் பொருந்தும், நுனி கீழே தொங்கினால் லேசாக வளைத்து அடிக்கிறவர்களுக்கு. என்னுடையது மாலட் வகை, அகலமான தலை, மேலே ஒரு வெள்ளைக் கோடு. பையில் எத்தனையோ மாறிவிட்டது, இது மட்டும் மாறவில்லை.

டிரைவரை எல்லாவற்றுக்கும் கடைசியாக வாங்குங்கள். 45 அங்குல நீளம், 10 டிகிரி லாஃப்ட், பழகுகிறவர் கையில் இருப்பதிலேயே கஷ்டமான கிளப் அதுதான். லாஃப்ட் குறையக் குறைய முகம் கொஞ்சம் திறந்திருந்தாலும் பந்து பயங்கரமாக வளையும். லாஃப்ட் அதிகமான கிளப்பில் பின்சுழற்சி அதிகம் என்பதால் அதே பிழை அவ்வளவாகத் தெரியாது. மைதானத்தில் பை தூக்கும் கேடி அண்ணன் ஒருவர் எனக்குச் சொன்னது, "சார், ஹைப்ரிட்ல அடிச்சு புல்லு மேலயே போங்க, டிரைவர் எங்கயும் ஓடிப்போகாது." ரொம்ப சரியான பேச்சு. பிறகு நான் வாங்கியது 12 டிகிரி டிரைவர், 460 சிசி தலை, அதுதான் விதி அனுமதிக்கிற உச்ச அளவு. பத்தரை டிகிரி டிரைவரைவிட இது பந்தை உயரமாகவும் நேராகவும் அனுப்புகிறது. டிரைவர் மாதிரியே ஆனால் சிறிய தலை உள்ள வுட் வகையில் 3 வுட் வாங்கவே இல்லை, 5 வுட் ஒன்று போதும்.

பராமரிப்பில் நம் ஊருக்கு இரண்டு விஷயம். ஒன்று வியர்வை. கிரிப், அதாவது கைப்பிடியின் ரப்பர், சென்னையில் சீக்கிரம் இறுகி வழவழத்துப் போகும், வழுக்குகிற கிரிப்பை இறுக்கிப் பிடிக்கப் பிடிக்கத் தோள் வரை விறைத்துவிடும். சோப்புத் தண்ணீரில் அவ்வப்போது தேய்த்துக் கழுவினால் கொஞ்ச காலம் ஓடும், அப்புறம் மாற்றத்தான் வேண்டும். வீட்டிலேயே மாற்றலாம்: பழையதைக் கத்தியால் கிழித்து எடுத்து, பழைய டேப்பைச் சுரண்டி, புது டபுள் சைடு டேப் ஒட்டி, கிரிப்புக்குள் டர்பன்டைன் ஊற்றி ஆட்டி, மிச்சத்தை டேப் மேலேயே ஊற்றி, ஒரே மூச்சில் உள்ளே தள்ளிவிட வேண்டும், தயங்கினால் பாதியில் பிடித்துக்கொள்ளும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள். விரல் நுனிகள் உள்ளங்கையில் அழுந்தக் குத்தினால் கிரிப் உங்களுக்கு மெல்லிசு, கொஞ்சம் தடிமனான மிட்சைஸ் போடுங்கள். இன்னொன்று, பையை வெயிலில் நிற்கும் கார் டிக்கியில் விட்டுவைக்காதீர்கள், தலையையும் ஷாஃப்ட்டையும் பிடித்திருக்கும் பசை சூட்டில் இளகும். கடல் காற்றுக்குத் துருவும் பிடிக்கும், ஆடி முடித்ததும் ஈரத்தைத் துடைத்து வையுங்கள்.

செகண்ட் ஹேண்டில் போலி நிறைய சுற்றுகிறது. புது மாடல் அயர்ன் செட் பாதி விலைக்கும் கீழே ஆன்லைனில் கிடைக்கிறது என்றால் விலகிப் போய்விடுங்கள். தலை ஷாஃப்ட்டோடு சேரும் இடத்தில் சீரியல் எண் இருக்கிறதா, எல்லா ஷாஃப்ட்டிலும் ஒரே ஸ்டிக்கரா, எழுத்துகளில் பெயின்ட் வழிந்திருக்கிறதா என்று பாருங்கள். முகத்துக் கோடுகளில் நகத்தை ஓட்டுங்கள், நகம் தடுக்காமல் வழுக்கிப் போனால் அந்த வெட்ஜ் தேய்ந்து முடிந்தது. கிளப்பில் வயது பார்க்காதீர்கள். ஏழெட்டு வருடப் பழைய அயர்ன் இன்றைக்கும் நன்றாகவே அடிக்கும், ஒரு புது டிரைவர் விலையில் அப்படிப்பட்ட செட் முழுதாக வாங்கிவிடலாம். டெகாத்லான் கடைகளில் கிடைக்கும் இனெசிஸ் கிளப்புகளும் ஆரம்பத்துக்கு நல்லவை, தனித்தனியாக வாங்கலாம் என்பது பெரிய வசதி.

பெண்களுக்கு என்று தனியாக வைத்திருக்கும் செட்டை அப்படியே எடுக்க வேண்டாம், வேகத்தைப் பார்த்து எடுங்கள். என் தங்கை ஆண்களுக்கான சீனியர் ஃப்ளெக்ஸ் கிராஃபைட்டில்தான் ஆடுகிறாள், லேடீஸ் ஷாஃப்ட் அவள் வீச்சுக்கு ரொம்ப வளைந்தது. இடது கைக்காரர்களுக்கு இங்கே பழைய செட் கிடைப்பது கஷ்டம், கிடைத்தால் லை, ஷாஃப்ட் இரண்டையும் மட்டும் பார்த்துவிட்டு வாங்கிவிடுங்கள், கிரிப்பை அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்.

பந்து? இரண்டு அடுக்கு உள்ள சாதாரணப் பந்து போதும். யுரேத்தேன் உறை போட்ட விலை உயர்ந்த பந்தெல்லாம் கிரீன் பக்கத்தில் சுழற்சி கொடுக்கத் தெரிந்த பிறகு.