பயிற்சி விமானிகளுக்கும் பயிற்றுநர்களுக்கும் உதவும் இணையத் தளங்கள்: சென்னையிலிருந்து ஒரு மதிப்பீடு

பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் படித்துவிட்டு விமானியாக விரும்பும் சென்னை மாணவர்கள் பலர், பறப்புப் பள்ளியில் சேரும் முன்பே விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகமான டிஜிசிஏ நடத்தும் தேர்வுகளுக்குத் தயாராகத் தொடங்கிவிடுகிறார்கள். வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரப் பறப்பு வேண்டும். ஏர் நேவிகேஷன், மீட்டியராலஜி, ஏர் ரெகுலேஷன்ஸ், டெக்னிக்கல் ஆகிய தாள்களில் 70 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். பறப்பு மணிகளின் செலவைக் குறைக்க வழியில்லை. தரைப் பாடங்களைப் பொறுத்தவரை, உலகின் மிகச் சிறந்த நூல்களும் தரவுகளும் காசில்லாமலே கிடைக்கின்றன. நேவிகேஷனும் மீட்டியராலஜியும் சொல்லித்தருபவன் என்ற முறையில், அவற்றுள் எவற்றை மாணவரிடம் தயங்காமல் கொடுக்கலாம், எவற்றை எச்சரிக்கையோடு கொடுக்க வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன். ஒரு தளம் காரணத்தை விளக்குகிறதா, அது சொல்வது இந்திய வானத்துக்கும் இந்தியத் தேர்வுக்கும் பொருந்துகிறதா என்ற இரண்டையுமே அளவுகோலாகக் கொண்டேன்.

முதலில் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏ வெளியிடும் கையேடுகள். 'பைலட்ஸ் ஹேண்ட்புக் ஆஃப் ஏரோநாட்டிக்கல் நாலெட்ஜ்', 'ஏர்பிளேன் ஃபிளையிங் ஹேண்ட்புக்', 2022இல் வந்த 'ஏவியேஷன் வெதர் ஹேண்ட்புக்' ஆகிய மூன்றும் அந்த அமைப்பின் தளத்திலேயே பிடிஎஃப் வடிவில் இலவசமாக இருக்கின்றன. விமானம் ஸ்டால் ஆவதற்கு, அதாவது இறக்கை தூக்குவிசையை இழப்பதற்கு, வேகம் குறைவதுதான் காரணம் என்று நினைத்திருக்கும் மாணவர், இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணமே அதை முடிவுசெய்கிறது, எந்த வேகத்திலும் எந்த நிலையிலும் அது நேரலாம் என்பதை இந்த நூல்களின் படங்களைப் பார்த்தே புரிந்துகொள்ள முடியும். காற்றின் அடர்த்தி பற்றிய பகுதியும் அதே தரத்தில் இருக்கிறது. சென்னையில் வெயில் 38 பாகை செல்சியஸைத் தொடும் நாளில், கடல் மட்டத்தை ஒட்டிய மீனம்பாக்கம் ஓடுபாதையில் நிற்கும் விமானம், ஏறக்குறைய 2,800 அடி உயரத்தில் நிற்பது போன்ற காற்றில்தான் நிற்கிறது. கணக்குக்கு அடிப்படையாகக் கொள்ளும் திட்ட வளிமண்டலத்தின் 15 பாகைக்கு மேல் கூடும் ஒவ்வொரு பாகைக்கும் சுமார் 120 அடி என்ற கணக்கை அங்கே கற்ற மாணவர், டேக்-ஆஃப் தூரம் கோடையில் ஏன் நீள்கிறது என்பதற்கு வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை.

ஆனால் அந்தக் கையேடுகள் அமெரிக்க மாணவருக்காக எழுதப்பட்டவை. அழுத்தத்தை அவை பாதரச அங்குலத்தில் சொல்கின்றன. நாம் ஹெக்டோபாஸ்கலில் சொல்கிறோம். பார்வைத் தூரம் அங்கே மைலில், இங்கே மீட்டரில். அங்கே நாடு முழுவதற்கும் 18,000 அடி என்று ஒரே டிரான்சிஷன் ஆல்டிட்யூட் (உயரமானியை உள்ளூர் அழுத்தத்திலிருந்து திட்ட அழுத்தத்துக்கு மாற்றும் உயரம்). இங்கே அது மிகக் குறைவு, விமான நிலையத்துக்கு விமான நிலையம் வகுக்கப்படுவது. வான்வெளி வகைகளையும் பறப்பு விதிகளையும் பற்றிய அத்தியாயங்களை நம் மாணவர் படிக்கவே வேண்டாம் என்பது என் கருத்து.

இப்படிக் கண்டிப்பாகச் சொல்வதற்கான காரணத்தை எஃப்ஏஏவின் இன்னொரு கையேடே தருகிறது. பயிற்றுநர்களுக்கான 'ஏவியேஷன் இன்ஸ்ட்ரக்டர்ஸ் ஹேண்ட்புக்', கற்றலின் விதிகள் என்று சிலவற்றை விளக்குகிறது. முதலில் கற்றது ஆழமாகப் பதியும், தவறாகப் பதிந்ததை அழிப்பது புதிதாகக் கற்பிப்பதைவிடக் கடினம் என்பது அவற்றுள் ஒன்று. அமெரிக்கக் காணொளிகளைப் பார்த்தே வானிலை அறிக்கையைப் படிக்கக் கற்ற மாணவர், தேர்வறையின் அவசரத்தில் நான்கு இலக்க மீட்டர் எண்ணைக் கண்டு தடுமாறுவதை வகுப்பில் தொடர்ந்து பார்க்கிறேன். ஆகவே எந்தத் தளத்தை முதலில் திறக்கிறோம் என்பது சிறிய விஷயமில்லை. உதவிப் பயிற்றுநர் தகுதிக்குத் தயாராகும் இளம் விமானிகள் இந்த ஒரு நூலையாவது முழுமையாகப் படிக்க வேண்டும். நன்றாகப் பறப்பவர் நன்றாகச் சொல்லித்தருவார் என்று நம்பிக்கொண்டிருப்பவர்களுக்கு அது மிகவும் தேவைப்படுகிறது.

பயிற்றுநருக்கு அதைவிடவும் நேரடியாகப் பயன்படுவது, நியூசிலாந்து சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் தளத்தில் உள்ள 'ஃபிளைட் இன்ஸ்ட்ரக்டர் கைடு'. நேர்மட்டப் பறப்பு, ஏற்றமும் இறக்கமும், திருப்பங்கள், ஸ்டாலிங், சர்க்யூட் என்று ஒவ்வொரு பாடத்துக்கும் தரையில் என்ன சொல்ல வேண்டும், வெண்பலகையில் எதை எங்கே எழுத வேண்டும், பிறகு விமானத்தில் எதை எந்த வரிசையில் செய்துகாட்ட வேண்டும் என்று படிப்படியாக எழுதியிருக்கிறார்கள். ஒரு நல்ல பயிற்றுநரின் வகுப்பில் அமர்ந்திருப்பது போன்ற நிறைவை அது தருகிறது. அலகுகளும் நமக்கு நெருக்கமானவை: அங்கும் ஹெக்டோபாஸ்கல், அங்கும் கியூஎன்எச் (கடல் மட்டத்திலிருந்து உயரம் காட்ட உயரமானியில் வைக்கும் அழுத்த அளவு).

அதிலும் ஒரு கவனம் தேவை, ஏனெனில் அது தென் அரைக்கோளத்தில் எழுதப்பட்டது. காந்தத் திசைகாட்டியை வைத்து வடக்கு நோக்கித் திரும்பும்போது, வட அரைக்கோளத்தில் இருப்பவர் ஊசி வடக்கைக் காட்டும் முன்பே திருப்பத்தை நிறுத்த வேண்டும். தெற்கு நோக்கித் திரும்பும்போது தாண்டவிட்டு நிறுத்த வேண்டும். தென் அரைக்கோளத்தில் இது அப்படியே தலைகீழ். வேகம் கூடும்போதும் குறையும்போதும் ஊசி காட்டும் பிழையும், புயலைச் சுற்றிக் காற்று சுழலும் திசையும் அவ்வாறே மாறும். இவற்றைத் திருத்தாமல் பலகையில் எழுதினால் மாணவருக்கு நேவிகேஷன், மீட்டியராலஜி என்று இரண்டு தாள்களிலும் இழப்பு. திசைகாட்டியின் இந்தப் பிழைகளுக்கெல்லாம் காரணம் பூமியின் காந்தப்புலம் கிடைமட்டத்திலிருந்து சாய்ந்திருப்பதே. அந்தச் சாய்வு இல்லாத காந்த நடுக்கோடு நம் தெற்கு முனைக்கு அருகில் செல்கிறது. 1963இல் தும்பாவில் ராக்கெட் ஏவுதளம் அமைந்ததும் அதனால்தான். எனவே சென்னைக்கு மேலே பறக்கும்போது இந்தப் பிழை மிகச் சிறியதாகவே தெரியும், டெல்லிக்கு மேலே கூடுதலாகத் தெரியும். எந்த வெளிநாட்டுக் கையேடும் நமக்காக எழுதாத இந்த விளக்கத்தைப் பயிற்றுநர்தான் சேர்க்க வேண்டும்.

மீட்டியராலஜிக்கு நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பது இந்திய வானிலைத் துறையின் விமானப் பிரிவு நடத்தும் இணையவழி பிரீஃபிங் தளத்தை. முகவரியிலேயே சென்னையின் பெயரைத் தாங்கிய அந்தத் தளத்தில் நாட்டின் விமான நிலையங்களுக்கான மெட்டார் (அப்போதைய வானிலை), டாஃப் (முன்கணிப்பு) அறிக்கைகள் கிடைக்கின்றன. வடிவமைப்பில் பழையது, கைப்பேசியில் படிக்க வசதியானதும் இல்லை. ஆனாலும் ஒரு மாணவர் மீனம்பாக்கத்தின் அறிக்கையை நாள்தோறும் அரை மணிக்கு ஒருமுறை எடுத்து வரிசையாகக் குறித்துவைத்தால், பாடநூலின் பல பக்கங்கள் உயிர்பெறும். கோடைக் காலை மேற்கிலிருந்து வறண்ட காற்று வீசும். நண்பகலுக்குப் பிறகு ஏதோ ஓர் அறிக்கையில் காற்றின் திசை கிழக்கோ தென்கிழக்கோ ஆகிவிடும், வெப்பநிலை சில பாகை இறங்கும், பனிநிலை ஏறும். கடற்காற்று உள்ளே வந்துவிட்டது என்பதை அந்த மூன்று எண்களே சொல்லிவிடும். மேற்கு நோக்கிய ஓடுபாதை 25ஐப் பயன்படுத்திக்கொண்டிருந்த விமானங்கள் கிழக்கு நோக்கிய 07க்கு மாறுவது ஏன் என்று அதன்பின் யாரும் விளக்க வேண்டியதில்லை. போகிப் பண்டிகை விடியலின் அறிக்கைகளையும் எடுத்துப் பார்க்கச் சொல்வேன். பனியோடு புகையும் சேரும்போது பார்வைத் தூரம் எப்படிச் சரிகிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான உதாரணம் இந்த ஊரில் கிடையாது. நேரங்கள் யாவும் உலகப் பொது நேரமான யுடிசியில் இருப்பதால், ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டும் பழக்கமும் தானாகவே வந்துவிடும்.

இதோடு வானிலைத் துறையின் ரேடார் படத்தையும் பக்கத்தில் திறந்துவைத்துக்கொள்ள வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சென்னையில் சாதாரண மக்களே ரேடார் படம் பார்த்துக் குடை எடுக்கிறார்கள்; விமானியாகப் போகிறவர் அந்தப் படத்தில் தெரியும் மழைத்திரளையும் மெட்டாரில் வரும் குமுலோநிம்பஸ் (இடிமழை மேகம்) குறியீட்டையும் பொருத்திப் பார்க்கக் கற்க வேண்டும்.

விதிமுறைகளுக்கு டிஜிசிஏ தளமும், விமான நிலையங்கள் ஆணையம் வெளியிடும் மின்வடிவ ஏஐபியும் (விமானிகளுக்கான அதிகாரபூர்வத் தகவல் தொகுப்பு) போதும். ஓடுபாதை நீளம் முதல் அணுகுமுறை வரைபடம் வரை ஏஐபியில் இருப்பதே அதிகாரபூர்வமானது. அது 28 நாள் சுழற்சியில் திருத்தப்படுவதால், யாரோ பதிவிறக்கி வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிரதியை நம்பக் கூடாது. கடைகளில் விற்கும் ரெகுலேஷன்ஸ் குறிப்புகளை வாங்குமுன் ஒரு சோதனை செய்யலாம். 1934ஆம் ஆண்டின் விமானச் சட்டத்துக்கு மாற்றாக வந்த 2024ஆம் ஆண்டின் பாரதீய வாயுயான் சட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. குறிப்பில் அது இல்லையென்றால் வாங்க வேண்டாம்.

பாதுகாப்பு பற்றிப் படிக்க, ஐரோப்பிய வான்போக்குவரத்து அமைப்பான யூரோகண்ட்ரோல் 2008இல் தொடங்கிய ஸ்கைபிரரி என்ற தளம் சிறந்தது. கட்டுரைகள் சுருக்கமானவை, ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போக எளிதானவை. அதைவிட ஆழமாக மனத்தில் தங்குவது நம் நாட்டின் விபத்து விசாரணை அமைப்பான ஏஏஐபியின் அறிக்கைகள். 2020 ஆகஸ்ட் 7 அன்று 21 உயிர்களைப் பறித்த கோழிக்கோடு விபத்தின் அறிக்கையை என் மாணவர்கள் அனைவரும் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். 8,858 அடி நீள ஓடுபாதையில், மழையில், பின்காற்றோடு, 4,438 அடி கடந்த பிறகே சக்கரம் தரையைத் தொட்டது என்ற விவரத்தைப் படித்தவருக்கு, மீண்டும் எழும்பிச் செல்லும் முடிவை உரிய நேரத்தில் எடுப்பதன் பொருள் விளங்கும். நீளமான அறிக்கைதான், துக்கமும் தருவது. அவசரமின்றிப் படிக்க வேண்டும்.

பணம் கட்டும் கேள்வி வங்கிகளைப் பற்றி மாணவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். நான் பார்த்தவற்றில் சரியான விடையை மட்டும் பச்சை நிறத்தில் காட்டி, காரணத்தைச் சொல்லாமல் விடுபவை அதிகம். ஒன்றில் காற்று முக்கோணக் கணக்கின் விடையே தவறாக இருந்தது. பாடத்தை முடித்தபின் வேகத்துக்காகப் பயிற்சி செய்ய அவை உதவும், அவ்வளவே. விளக்கம் இல்லாத வங்கிக்குச் சந்தா கட்டுவதற்குப் பதில் அந்தப் பணத்தில் ஒரு நல்ல ஃபிளைட் கம்ப்யூட்டர் (நேவிகேஷன் கணக்குகளுக்கான கைக்கருவி) வாங்கலாம்.

கடைசியாக வானொலிப் பேச்சு. இணையத்தில் கேட்கக் கிடைக்கும் கட்டுப்பாட்டுக் கோபுர ஒலிப்பதிவுகளில் பெரும்பாலானவை அமெரிக்காவைச் சேர்ந்தவை. காதைப் பழக்க உதவும், வாயைப் பழக்க உதவாது. அவர்கள் அதிர்வெண்ணில் 'பாயிண்ட்' என்பார்கள், நாம் 'டெசிமல்' என்கிறோம். அவர்கள் 'ஆல்டிமீட்டர்' என்பதை நாம் 'கியூஎன்எச்' என்கிறோம். இலவசமாகக் கிடைப்பவற்றுள் நமக்கு நெருக்கமானது பிரிட்டனின் 'கேப் 413' என்ற வானொலிப் பேச்சுக் கையேடு. அந்த நாட்டுக்கே உரிய சில வழக்குகள் அதில் உண்டு, அவற்றைப் பயிற்றுநர் குறித்துக்கொடுக்க வேண்டும். இரண்டு மாணவர்கள் எதிரெதிரே அமர்ந்து, ஒருவர் கோபுரமாகவும் மற்றவர் விமானியாகவும் அதிலுள்ள உரையாடல்களை உரக்கப் படிக்கலாம். சில நாள் கழித்து, ஓடுபாதை, கியூஎன்எச், உயரம், திசை ஆகியவற்றில் ஒன்றை விமானி வேண்டுமென்றே தவறாகத் திருப்பிச் சொல்ல, கோபுரமாக இருப்பவர் அதைப் பிடித்துத் திருத்த வேண்டும் என்று பயிற்சியைக் கடினமாக்கலாம்.