வேர்க்குழலுள் முறிந்த ஃபைல்: எடுப்பதா, ஒதுங்கிப் போவதா, விட்டுவிடுவதா?

குடியாத்தத்திலிருந்து வேலூருக்குப் பேருந்தில் வந்திருந்த ஓர் அம்மாவின் கீழ்க் கடைவாய்ப் பல்லில், வேர்சிகிச்சைக்காக (ரூட் கேனால்) முன்வேரின் குழலைச் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது, என் கையிலிருந்த ரோட்டரி ஃபைல், அதாவது மோட்டாரில் சுழலும் ஊசி போன்ற அரம், முறிந்தது. 25 மி.மீ. நீளமுள்ள புதிய ஃபைலின் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நுனியில் ஏறக்குறைய 3 மி.மீ. இல்லை. எக்ஸ்ரேயில் அத்துண்டு வேரின் வளைவுக்குக் கீழே வெள்ளைக் கோடாகத் தெரிந்தது.

வளைந்த குழலில் சுழலும் நிக்கல்-டைட்டானியம் ஃபைல், ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பக்கம் இழுபட்டு மறுபக்கம் அமுங்கித் தளர்ந்துபோகிறது. அல்லது நுனி சிக்கி நிற்க, தண்டு மட்டும் சுழன்று முறுக்கிக்கொண்டு ஒடிகிறது.

துண்டை எடுத்துவிட வேண்டும் என்பதே மருத்துவருக்கு முதலில் எழும் ஆசை. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபடி நுண்ணதிர்வால் இயங்கும் அல்ட்ராசோனிக் முனையால் துண்டைச் சுற்றிப் பள்ளம் பறித்து அதை அசைத்தெடுப்பது, துண்டின் தலை வளைவுக்கு மேலே, நேரான பகுதியில் இருக்கும்போது நல்ல வழி. வளைவுக்குக் கீழே இருந்தால் கதை வேறு: கீழ்க் கடைவாய்ப் பல்லின் முன்வேரில், வேர்கள் பிரியும் பக்கத்துச் சுவர் இயல்பிலேயே மெல்லியது, அங்கே குடையக் குடைய வேர் ஓட்டையாகலாம், பின்னாளில் நெடுக்காகப் பிளக்கவும் கூடும். துண்டு கிடைத்துப் பல் போவதை நான் வெற்றியாகக் கருதுவதில்லை.

ஆகவே வளைவுக்குக் கீழே முறிந்தவற்றில் துண்டை ஒட்டி ஒதுங்கிப் போவதையே முதலில் முயல்கிறேன். குழல் பெரும்பாலும் நீள்வட்டம், ஃபைல் வட்டம் என்பதால் ஓரத்தில் இடைவெளி இருக்க வாய்ப்புண்டு. நுனியைச் சற்றே வளைத்த 8 அல்லது 10ஆம் எண் கே ஃபைலால் (கையால் இயக்கும் மிக மெல்லிய ஃபைல்) அதைத் தேட வேண்டும். இங்கே அவசரப்பட்டால் குழலை விட்டு விலகிய பொய்வழி விழும், இரண்டாவது ஃபைலும் முறியும்.

வழி கிடைக்காவிட்டால் துண்டுவரை சுத்தம் செய்து, அதன்மேல் நிரப்பி விட்டுவிடலாம். நோயைத் தருவது உலோகமன்று, அதற்கப்பால் தங்கும் கிருமியே என்பதால், வேர்நுனியில் ஏற்கெனவே சீழ் இருக்கும் பல்லில் இம்முடிவு எனக்கு அச்சமளிக்கிறது. பல்லினுள் நரம்பும் இரத்தக்குழாயும் அடங்கிய பல்கூழ் உயிருடன் இருந்தால் அவ்வளவு அச்சமில்லை. பின்னர் வேர்நுனி அறுவை தேவைப்படலாம்.

அந்த அம்மாவின் பல்கூழ் உயிருடன் இருந்தது. வேர்நுனி எலும்பிலும் பழுதில்லை. கே ஃபைல் ஒதுங்கிப் போகவில்லை, துண்டை விட்டுவிட்டேன். அன்றே எக்ஸ்ரேயைக் காட்டிச் சொன்னபோது, "கம்பி உள்ளேயே இருந்தா சீழ் புடிக்காதா டாக்டர்?" என்று கேட்டார். மேற்சொன்ன காரணத்தை விளக்கி, ஆறு மாதத்திலும் ஓராண்டிலும் மீண்டும் படமெடுக்க வரச்சொல்லி, ஊரில் வேறு பல் மருத்துவரிடம் போனாலும் காட்டுவதற்காக முறிந்த இடத்தைக் குறித்த சீட்டையும் படத்தின் பிரதியையும் கொடுத்தனுப்பினேன்.