28 கிலோஹெர்ட்ஸ் அல்ட்ராசோனிக் கிளீனர்: ஐந்து வருடமும், என் காதுக்கு எட்டாத ஒரு சத்தமும்

திருச்செங்கோட்டில் போர் போடும் ரிக் வண்டிகளுக்கு வேலை பார்க்கும் நண்பர் போன வாரம் போன் செய்தார். "உங்க பட்டறையில இருக்கிற அதே மெஷின் இப்ப விலை இறங்கியிருக்குதுங்க. எடுத்துடட்டுங்களா?" என்றார். அன்றைக்குத்தான் என் மெஷின் தொட்டி மாற்றி ரிப்பேர் முடிந்து வந்து இறங்கியிருந்தது. செலவான கடுப்பில், "வேண்டாங்க" என்று ஒரே வார்த்தையில் சொல்லி வைத்துவிட்டேன். அது நியாயமான பதில் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நாமக்கல்லில் டீசல் பம்ப், இன்ஜெக்டர் சர்வீஸ் செய்கிறேன். என்னிடம் இருப்பது 30 லிட்டர் தொட்டி, 600 வாட், ஹீட்டரோடு வருவது. சாமானைத் தண்ணீரில் முக்கி, காதுக்கு எட்டாத அதிர்வால் அழுக்கெடுக்கும் மெஷின் இது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். மெஷின் வருவதற்கு முன், இன்ஜெக்டரின் நுனியில் டீசலைப் பீய்ச்சும் நாசில்களை ராத்திரி முழுக்க மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, காலையில் பித்தளை பிரஷ்ஷால் தேய்த்து, ஓட்டையில் கம்பி விட்டுக் குத்துவோம். பழைய நாசில் அதைத் தாங்கியது. புது மாதிரி டீசல் இன்ஜின்களில் வரும் காமன் ரெயில் நாசிலில் ஓட்டையே 0.2 மில்லிமீட்டருக்கும் குறைவு. கம்பி கொஞ்சம் சாய்ந்தால் போதும், ஓட்டை கோணலாகி டீசல் ஒரு பக்கமாகப் பீய்ச்சும். மெஷின் வந்த முதல் நாள், வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு நாசிலைத் தொங்கவிட்டு சுவிட்சைப் போட்டேன். அந்தக் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகளிலிருந்து கரி, கருப்பு நூல் பிரிகிற மாதிரி இறங்கியது. இருபது நிமிடம். டெஸ்ட் பெஞ்ச்சில் ஏற்றினால் எல்லா ஓட்டையும் ஒரே அளவாகப் பீய்ச்சுகிறது. முப்பது வருடமாக இந்த வேலை செய்கிறேன், அன்றைக்கு மனசு நிறைந்துபோனது.

இது எப்படி வேலை செய்கிறது என்று டீசல் மெக்கானிக்குகளுக்குச் சொல்வது சுலபம். பிஸ்டன் ஓடும் இரும்புக் குழாயான இன்ஜின் லைனரைக் கழற்றினால் தண்ணீர்ப் பக்கம் புழு அரித்தது போலக் குழி குழியாக இருக்கும் அல்லவா? பிஸ்டன் அடிக்கும் அடியில் லைனர் அதிர, அதை ஒட்டியிருக்கும் தண்ணீரில் நுண்ணிய குமிழிகள் தோன்றி உடனே நொறுங்கும். அந்த நொறுங்கல்தான் இரும்பையே தின்கிறது. அதே காரியத்தை இங்கே வேண்டுமென்றே செய்கிறோம். தொட்டியின் அடியில் ஒட்டியிருக்கும், மின்சாரத்தை அதிர்வாக மாற்றும் டிரான்ஸ்டூசர்கள் நொடிக்கு 28,000 முறை அதிர்கின்றன. குமிழி நொறுங்கும் இடத்தில் கரி பெயர்கிறது. தண்ணீர் புகும் ஓட்டை என்றால் பெரும்பாலும் இதுவும் உள்ளே போகும்.

பழக்கத்தில் தெரிந்துகொண்டவை சில. புதுத் தண்ணீர் ஊற்றியதும் சாமானைப் போடக் கூடாது. தண்ணீரில் கரைந்திருக்கும் காற்று வெளியேற பத்துப் பதினைந்து நிமிடம் சும்மா ஓடவிட வேண்டும். சூடு 50, 60 டிகிரி போதும். கொதிக்கக் கொதிக்க வைத்தால் குமிழியின் அடி பலமில்லாமல் போகிறது. எங்கள் போர் தண்ணீரை ஊற்றினால் தொட்டிச் சுவரெல்லாம் உப்புப் படிகிறது, அதனால் ஆர்.ஓ. தண்ணீர்தான். காரம் அதிகமான சோப்பில் அலுமினியத்தைப் போடாதீர்கள். ஒரு பம்ப் பாடியைக் கருக்கிவிட்டு, பார்ட்டிக்கு என் கைக்காசில் வேறு வாங்கிக் கொடுத்தேன். மின்சாரக் காயில் (கம்பிச் சுருள்) இருக்கும் பாகத்தை முக்கவே கூடாது. பெட்ரோல், தின்னர் ஊற்றலாமா என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம், தீப்பிடிக்கும். எடுத்த சாமானை உடனே அலசி, காற்றடித்து, எண்ணெய் தடவ வேண்டும். டீ குடித்துவிட்டு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் துரு பூத்துவிடும்.

சரி, இப்போது என்னை உறுத்தும் விஷயம்.

வாங்கிய இரண்டாவது வாரம், பட்டறைப் பையன் வந்து நின்றான். அப்போது அவனுக்குப் பத்தொன்பது வயது. "அண்ணா, அது கத்துதுங்கண்ணா. மண்டையெல்லாம் வலிக்குது" என்றான். பக்கத்தில் போய் நின்று பார்த்தேன். எண்ணெய்ச் சட்டியில் கடுகு பொரிவது போல ஒரு இரைச்சல் கேட்டது, அவ்வளவுதான். லேத், கம்ப்ரஸர் எல்லாம் இதைவிடச் சத்தம். வேலைக்குச் சோம்பல்படுகிறான் என்று நினைத்து அவனைத் திட்டினேன். நாலைந்து மாதம் அவன் ஒன்றும் பேசவில்லை. மெஷின் ஓடும்போது முடிந்தவரை தள்ளி நின்றுகொள்வான், சாயங்காலம் முகம் வாடிக் கிடப்பான். ஒரு நாள் என் மகள் சாப்பாடு கொண்டுவந்தாள். வாசலிலேயே கூடையை வைத்துவிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். "அப்பா, என்னது இப்படிக் கீச்சுங்குது? உங்களுக்குக் கேக்கலயா?"

எனக்குக் கேட்கவே இல்லை.

அப்புறம்தான் விசாரித்தேன். 28 கிலோஹெர்ட்ஸ் மனிதக் காதுக்கு எட்டாது, உண்மைதான். ஆனால் குமிழிகள் அதிரும்போது அதில் பாதி, அதாவது 14 கிலோஹெர்ட்ஸ் சத்தமும் சேர்ந்து கிளம்புகிறது. இளம் காதுக்கு 20 கிலோஹெர்ட்ஸ் வரை கேட்கும். வயசாக ஆக மேல் சுருதிகள்தான் முதலில் போகும். ஐம்பதைத் தாண்டிய எனக்கு, அதிலும் இத்தனை வருடம் இன்ஜின் சத்தத்தில் நின்ற எனக்கு, 14 எங்கே கேட்கப்போகிறது? 40 கிலோஹெர்ட்ஸ் மெஷின் என்றால் அந்தப் பாதி 20-இல் நிற்கும், கேட்பவர்கள் மிகக் குறைவு. அதில் குமிழியும் சின்னது, நுண்ணிய ஓட்டைக்கு இன்னும் பொருத்தம். தடித்த கரிக்கு 28-தான் முரட்டு அடி என்று சொல்லி விற்றார்கள். அது பொய்யில்லை. ஆனால் இந்தக் கீச்சுக் குரலைப் பற்றி விற்றவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கூடவந்த புத்தகத்திலும் ஒரு வரி இல்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் கோபம் வருகிறது.

பையனிடம், திட்டியது என் தப்பு என்று சொன்னேன். மெஷினைப் பின்பக்கக் கொட்டகைக்கு மாற்றினேன். முதலில் பிளைவுட் பெட்டி செய்து உள்ளே ஸ்பாஞ்ச் ஒட்டினேன். ஆவி பட்டு இரண்டே மாதத்தில் பலகை உப்பி, ஸ்பாஞ்ச் பிய்ந்தது. பிறகு தகரப் பெட்டி, உள்ளே ரப்பர் ஷீட், அடியிலும் ரப்பர், சுவிட்ச் வெளியே. பக்கத்தில் போகிறவர்களுக்கு இயர் மஃப். இப்போது, பொறுத்துக்கொள்ளலாம் என்கிறான் பையன். பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு ஓட்டினால் மட்டும் முகம் சுளிக்கிறான். நான் அவன் முகத்தைப் பார்த்துத்தான் சத்தத்தைத் தெரிந்துகொள்கிறேன்.

தொட்டி போனதில் என் தப்பும் உண்டு. கூடையின் கால் உடைந்ததும் அவசரத்துக்குச் சாமானை அடித்தட்டிலேயே வைத்து ஓட்டினோம். லைனரைத் தின்கிற குமிழி தொட்டியையும் தின்றுவிட்டது. ஊசிமுனை ஓட்டை விழுந்து தண்ணீர் சொட்டி, நான்கு டிரான்ஸ்டூசர் நாசம். ரிப்பேர்காரர், "இதோட 40-க்கு மாத்திடலாமுங்க, ஆனா ஜெனரேட்டரும் சேத்துத்தான் மாத்தணும்" என்றார். டிரான்ஸ்டூசர்களை அதிரவைக்கும் மின்சாரத்தைக் கொடுக்கும் பெட்டியைத்தான் ஜெனரேட்டர் என்கிறார். செலவு கிட்டத்தட்ட இரட்டிப்பு. யோசித்தேன், பழையபடியே போடச் சொல்லிவிட்டேன். பையனிடம் அதை இன்னும் சொல்லவில்லை.

ஆக, திருச்செங்கோட்டு நண்பரே, கரி எடுப்பதில் ஐந்து வருடத்தில் இந்த மெஷின் என்னை ஏமாற்றவே இல்லை. சம்பாதித்தும் கொடுத்துவிட்டது. இருந்தாலும் நீங்கள் வாங்க வேண்டாம். உங்கள் பட்டறை ஒரே அறை, பின்பக்கம் கொட்டகை கிடையாது, நாலு பையன்கள் காலையிலிருந்து இருட்டும்வரை அதற்குள்தான் நிற்கிறார்கள். கூடப் போட்டு 40 வாங்குங்கள். விலை இறங்கியதைப் பார்த்து மனசு கேட்கவில்லை என்றால், கடைக்குத் தனியாகப் போகாதீர்கள். உங்களிடம் இருப்பதிலேயே சின்னப் பையனைக் கூட்டிப்போங்கள். தண்ணீர் ஊற்றி, மூடியைத் திறந்து வைத்து, பத்து நிமிடம் ஓட்டச் சொல்லுங்கள். அந்தப் பத்து நிமிடமும் மெஷினைப் பார்க்காதீர்கள், அவனைப் பாருங்கள்.