சுண்டா, தராசா?

சமையலில் மா, அரிசி, சீனியை அளக்க எது நல்லது: சுண்டு, கப் போன்ற அளவுப் பாத்திரமா, தராசா?

செலவு: சுண்டு வீட்டிலேயே கிடக்கும். தராசுக்குக் காசும் பற்றரியும் வேண்டும்.

துல்லியம்: உண்மையான வித்தியாசம் மாவில்தான். அரித்துத் தளர்வாக நிரப்பிய கோதுமை மா ஒரு கப் 120 கிராம் அளவில் நிற்கும்; பைக்குள் கப்பை அமுக்கி அள்ளினால் 150ஐத் தொடும். மூன்று கப் மா போடும் கேக்கில் இப்படி 90 கிராம் கூடினால் கேக் காய்ந்து மேலே வெடிக்கும். சீனி அவ்வளவு அமுங்காது, கப்பே போதும்.

கழுவல்: தராசில் கோப்பையை வைத்துப் பூச்சியமாக்கிப் பட்டரையும் சீனியையும் நேரே போடலாம். பட்டர் ஒட்டிய கப்பைத் தேய்க்கும் தொல்லை இல்லை.

பேக்கிங் பவுடர், ஈஸ்டுக்குத் தலைதட்டிய தேக்கரண்டிதான். ஒவ்வொரு கிராமாகக் காட்டும் வீட்டுத் தராசு 4 கிராமில் தடுமாறும்.

கேக், பாண் செய்பவர்கள் தராசு வாங்கலாம். சோற்றுக்குச் சுண்டு: அரிசியும் தண்ணீரும் விகிதம்தானே. புட்டுக்கு இரண்டும் வேண்டாம். மா வறுத்த பதத்துக்கேற்பத் தண்ணீர் மாறும், பிடித்தால் உருண்டு உதிர்த்தால் உதிர வேண்டும்.